பழைய கணினியில் புதிய லிப்ரெஆபிஸ்: கோளாறுக்கு ஏற்ற வழி

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆஃபிஸ் 2016, ஆஃபிஸ் 2019 இரண்டுக்கும் அதே நாள்தான் கடைசி. அந்த வாரமே சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் மூன்று வீடுகளிலிருந்து ஒரே கேள்வி வந்தது: "தம்பி, இந்த லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?"

வேண்டாம். கடிதம் எழுத, சங்கத்தின் வரவு செலவு பார்க்க, பிள்ளைகளுக்குப் பாடக் குறிப்பு தயாரிக்கப் பத்து வயதான கணினி இன்னும் போதும். அதில் லிப்ரெஆபிஸ் போட்டுக் கொடுக்கிறேன். 2010-இல் ஓப்பன்ஆபிஸிலிருந்து பிரிந்து வளர்ந்த இலவச மென்பொருள் இது. டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. 2024 முதல் அதன் பதிப்பு எண்ணே வெளிவரும் ஆண்டையும் மாதத்தையும் சொல்லிவிடும். 25.8 என்றால் 2025 ஆகஸ்ட்.

புதிய பதிப்பில் பழைய கணினிக்கு உதவும் மாற்றங்கள் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் போட்டவுடன் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. சில வீடுகளில் போட்ட பிறகுதான் தொல்லையே தொடங்கியது. அப்படி நான் பார்த்த கோளாறுகளையும், அவற்றைச் சரிசெய்த வழிகளையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் ஆவணங்களை ஒரு தம்ப் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாமல் போகும்.

இங்கே பெரும்பாலோர் ஆங்கில மெனுவையே பயன்படுத்துவதால் மெனுப் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

நிறுவவே விடமாட்டேன் என்கிறது

முதலில் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 25.8 விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடும். விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றையும் அது கைவிட்டுவிட்டது. அந்தக் கணினிகளுக்குக் கடைசிப் பதிப்பு 25.2. டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனின் பழைய பதிப்புக் கிடங்கில் அதை இன்றும் இறக்கிக்கொள்ளலாம். வேறு தளங்களிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.

25.2-ஐ நான் போட்டுக் கொடுக்கும்போது ஒன்றை வற்புறுத்திச் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ ஒன்பது மாதம்தான் திருத்தங்கள் வரும். விண்டோஸ் 7-க்கோ 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுபோனது. அந்தக் கணினியில் எழுதுங்கள், அச்சிடுங்கள். வங்கி வேலையும், அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் வேலையும் அதில் வேண்டாம்.

விண்டோஸ் 10 இருந்தும் நிறுவ மறுத்தால், செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் பகுதிக்குப் போய் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் படியுங்கள். 32 பிட் விண்டோஸில் 64 பிட் நிறுவி ஓடாது. 32 பிட்டுக்குத் தனிக் கோப்பு உண்டு, ஆனால் அதையும் நிறுத்தும் முடிவை 25.8-இலேயே அறிவித்துவிட்டார்கள். அந்த வரியில் இயங்குதளம் 32 பிட் என்றும் செயலி 64 பிட் என்றும் இருந்தால் உங்கள் வன்பொருள் நன்றாகவே இருக்கிறது, விண்டோஸை மட்டும் 64 பிட்டாக மாற்றி நிறுவினால் போதும். நினைவகம் 4 ஜிபி-க்குக் குறைவு என்றால் நான் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போட்டுவிடுவேன். லிப்ரெஆபிஸ் அதோடு சேர்ந்தே வரும்.

வட்டில் 1.5 ஜிபி காலியிடம் வேண்டும். நிறுவும்போது பாதியில் நின்றால் பழைய லிப்ரெஆபிஸை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து, மீண்டும் முயலுங்கள். ஆவணங்கள் போகாது.

"திறப்பதற்குள் ஒரு தே தாரிக் குடித்துவிடலாம்"

இப்படிச் சொன்னவர் எதிர்வீட்டு அக்கா. அவர் கணினியில் 25.8-ஐப் போட்ட பிறகும் பெரிய மாற்றம் இல்லை. கடிதம் எழுதும் ரைட்டரும் கணக்குத் தாளான கால்க்கும் கோப்புகளை 30 விழுக்காடு வரை விரைவாகத் திறப்பதாக வெளியீட்டு அறிவிப்பு சொல்கிறது. நினைவகத்தைக் கையாளும் முறையும் நீண்ட ஆவணங்களில் மேலும் கீழும் நகர்வதும் மேம்பட்டிருக்கின்றன. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வேகம் கைக்கு வருவதற்கு முன்னால் வட்டு வழிமறிக்கிறது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு லிப்ரெஆபிஸைத் தொடங்குங்கள். 'டிஸ்க்' பத்தி 100 விழுக்காட்டிலேயே நின்றால், உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். எந்தப் பதிப்பு மாற்றமும் அதற்கு மருந்தாகாது. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வட்டு ஒன்று மாற்றுங்கள். சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் பழைய வட்டிலுள்ளதை அப்படியே புதியதற்கு நகலெடுத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. அக்காவுக்கு அதைத்தான் செய்தோம். அதற்குப் பிறகுதான் 25.8-இன் வேகம் அவருக்கே தெரிந்தது.

'மெமரி' பத்தி நிரம்பியிருந்தால் உலாவியில் திறந்து கிடக்கும் தாவல்களை மூடிப் பாருங்கள். அப்புறம், டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரெஆபிஸ், அட்வான்ஸ்ட் என்று போய் ஜாவாவைப் பயன்படுத்தும் தேர்வை எடுத்துவிடுங்கள். பேஸ் என்ற தரவுத்தளப் பகுதிக்கும் ஒருசில வழிகாட்டிகளுக்கும்தான் ஜாவா வேண்டும். கடிதம் எழுதுகிறவர்களுக்கு வேண்டாம். எப்போதோ போட்டு மறந்த எக்ஸ்டென்ஷன்கள் இருந்தால் டூல்ஸ் மெனுவின் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நீக்குங்கள்.

புதுப்பித்த பிறகு முதல் முறை திறக்க எப்போதும் கூடுதல் நேரம் ஆகும். மூடிவிட்டு இரண்டாவது முறை திறக்கும்போது ஆகும் நேரத்தைத்தான் கணக்கில் எடுங்கள்.

திரை மினுக்குகிறது, கறுப்புக் கட்டங்கள் வருகின்றன, எழுத்தின் மேல் எழுத்து நிற்கிறது

இது பெரும்பாலும் பழைய கிராஃபிக்ஸ் சில்லுக்கும் ஸ்கியாவுக்கும் நடுவே உள்ள பிணக்கு. திரையில் எழுத்தையும் படத்தையும் வரைந்து காட்டும் நிரல்தான் ஸ்கியா, 2020-இல் 7.0 பதிப்போடு விண்டோஸுக்கு வந்தது. முடிந்தவரை கிராஃபிக்ஸ் சில்லைக் கொண்டே வரைய அது முயலும். சில்லை இயக்கும் டிரைவர் மென்பொருள் பழையதாக இருந்தால் வரைவது தடுமாறும்.

டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரெஆபிஸ், வியூ. அங்கே 'ஃபோர்ஸ் ஸ்கியா சாஃப்ட்வேர் ரெண்டரிங்' என்பதைத் தேர்ந்தெடுத்து, லிப்ரெஆபிஸை மூடித் திறங்கள். இனி செயலியே வரையும். ஹெல்ப் மெனுவில் அபவுட் பெட்டியைத் திறந்து பார்த்தால் 'யூஐ ரெண்டர்' என்ற இடத்தில் வல்கன் என்பது போய் ராஸ்டர் என்று வந்திருக்கும். மாற்றம் நிலைத்ததா என்று அறிய அதுவே அடையாளம். அப்படியும் மினுக்கினால் ஸ்கியாவையே அணைத்துப் பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிப்பதும் நல்லதுதான், ஆனால் பத்து வயதான சில்லுக்கு உற்பத்தியாளர் புதிய டிரைவர் வெளியிட்டிருப்பது அரிது.

திறந்ததும் மூடிக்கொள்கிறது

பழைய பதிப்பின் அமைப்புகள் எல்லாம் பயனர் புரொஃபைல் என்ற கோப்புறையில் இருக்கும். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினாலும் அது அங்கேயே தங்கிவிடும். மூன்று முறை நீக்கி நிறுவியும் சரியாகவில்லை என்று வருகிறவர்களுக்குக் காரணம் இதுதான்.

ஸ்டார்ட் மெனுவில் 'லிப்ரெஆபிஸ் சேஃப் மோட்' என்று தனியே ஒன்று இருக்கும், அதைச் சொடுக்குங்கள். வரும் பெட்டியில் உள்ளதை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்: முதலில் முந்தைய நல்ல நிலைக்குத் திரும்புவது, பிறகு எக்ஸ்டென்ஷன்களையும் ஹார்ட்வேர் முடுக்கத்தையும் அணைப்பது, கடைசியாகத்தான் எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவது.

அந்தக் கடைசிப் படிக்கு முன் நில்லுங்கள். நீங்கள் சேர்த்த அகராதிச் சொற்கள், ஆட்டோ கரெக்ட் பட்டியல், வார்ப்புருக்கள் எல்லாம் அந்தக் கோப்புறைக்குள்தான். துணைப்பாடம் நடத்தும் ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த சொற்பட்டியலை இப்படி இழந்தார். நான்தான் அவசரத்தில் பொத்தானை அழுத்தினேன்; இன்றும் மனது உறுத்துகிறது. அதே பெட்டியில் பயனர் புரொஃபைலைத் திறந்து காட்டும் பொத்தான் இருக்கிறது. கோப்புறை முழுவதையும் தம்ப் டிரைவுக்கு நகலெடுத்த பிறகு அழுத்துங்கள்.

தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். ஒரே புகார் போலத் தோன்றினாலும் இதில் நான்கு வெவ்வேறு நிலைமைகள் இருக்கின்றன.

*வெறும் கட்டங்கள் தெரிந்தால்* தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். எழுத்துருவே மாறி வந்தால் ஆவணத்தில் உள்ள எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை. விண்டோஸ் 7 காலத்தில் எல்லாரும் லதாவில் தட்டினோம். விண்டோஸ் 10-இல் லதா தானாக வருவதில்லை. அங்கே நிர்மலா யூஐதான். செட்டிங்ஸில் ஆப்ஸ், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் திரும்ப வந்துவிடும். மாறாக, நிர்மலாவில் எழுதியதை விண்டோஸ் 7-இல் திறந்தாலும் இதே தொல்லை. ஏப்ரல் தமிழ்மொழி விழா நேரத்தில் ஒரு பக்க அழைப்பிதழ் இரண்டு பக்கமாக நீண்டுவிட்டது என்று பதறி வருவார்கள். லதா அகலமான எழுத்துரு, வரிகள் மடிந்து கீழே போய்விடுகின்றன. எல்லாரிடமும் நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், இலவசம்தான். அல்லது ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட் பகுதியில் எழுத்துருவை ஆவணத்துக்குள்ளேயே பொதிந்துவிடுங்கள். அச்சகத்துக்கு அனுப்புவது என்றால் பிடிஎஃப் மட்டும்தான்.

*எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறி, தமிழ் அப்படியே நின்றால்* அது கோளாறு இல்லை. லிப்ரெஆபிஸ் ஒரே பத்தியில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் தமிழுக்கு வேறோர் எழுத்துருவும் வைத்துக்கொள்கிறது. ஆப்ஷன்ஸில் லாங்குவேஜஸ் பகுதிக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' (சுருக்கமாக சிடிஎல்) என்பதைத் தேர்ந்து, மொழியைத் தமிழாக வையுங்கள். பிறகு ரைட்டர் பகுதியில் 'பேசிக் ஃபான்ட்ஸ், சிடிஎல்' என்ற பக்கத்தில் உங்கள் தமிழ் எழுத்துருவையும் அளவையும் கொடுங்கள். இது இனி நீங்கள் தொடங்கும் ஆவணங்களுக்குத்தான். ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தில் எஃப்11 விசையை அழுத்தி, பத்தி ஸ்டைலில் சிடிஎல் எழுத்துருவை மாற்ற வேண்டும்.

*கொம்பும் காலும் பிரிந்து, 'கொ' என்பது மூன்று துண்டாக நின்றால்* உங்களிடம் மிகப் பழைய பதிப்பு இருக்கிறது. 2017-இல் வந்த 5.3 முதல் விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் எழுத்தைக் கோக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நிரலிடம் ஒப்படைத்துவிட்டார்கள். இந்தக் காரணத்துக்காகவே தமிழ் எழுதுகிறவர்கள் பழைய பதிப்பில் தங்கிவிடக் கூடாது என்று சொல்வேன்.

*எல்லாம் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குழம்பிக் கிடந்தால்* அது எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்துக் கோப்பு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொண்ணூறுகளில் எழுதிய கவிதைகளை ஒரு சிடியில் கொண்டுவந்தார். 25.8 அவற்றைக் கெடுத்துவிட்டது என்று நினைத்திருந்தார். மென்பொருள் எதையும் கெடுக்கவில்லை. அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனித்தனிக் குறியேற்றம், அதாவது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற பட்டியல், இருந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க நம் சிங்கப்பூரிலேயே 1997 மே மாதம் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. அதையொட்டிய உரையாடல்களில் திஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் வளர்ந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டேப், டேம் என்ற இரண்டு குறியேற்றங்களை ஏற்றது. ஆகவே உங்கள் கோப்பு எந்தக் குறியேற்றம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். குழம்பிய வரியில் கர்சரை வைத்து, மேலே எழுத்துருப் பெட்டியில் உள்ள பெயரைப் பாருங்கள். டிஎஸ்சி என்று தொடங்கினால் திஸ்கி, டேப் என்று தொடங்கினால் டேப், பாமினி என்றால் பாமினி. பிறகு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் அந்தப் பெயரைத் தேர்ந்து யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. திஸ்கியும் டேப்பும் ஆங்கில எழுத்துகளின் இடத்தைத் தொடாமல் விட்டவை. பாமினி அந்த இடங்களிலேயே தமிழை வைத்தது. அதனால் பாமினிக் கோப்பில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் மாற்றியில் போட்டால் பொருளில்லாத தமிழாகிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். ஆசிரியரின் கவிதைகளை மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்து மாற்றினோம். முதல் கவிதை திரையில் தெளிவாக வந்தபோது அவர் அதை வாய்விட்டுப் படித்தார்.

கணக்குத் தாளில் எண் இருக்க வேண்டிய இடத்தில் '#நேம்?' வருகிறது

புதிய எக்செலில் செய்த கோப்பை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அதில் உள்ள சூத்திரம் உங்கள் கால்க்குக்குத் தெரியவில்லை. எக்ஸ்லுக்அப், ஃபில்டர், வரிசைப்படுத்தும் சார்ட் ஆகியவை 24.8-இல்தான் வந்தன. அதனால் விண்டோஸ் 7 கணினியிலும் 25.2 போட்டால் இவை வேலை செய்யும். டெக்ஸ்ட்ஸ்பிளிட், விஸ்டாக், டேக் போன்றவை 25.8-இல் சேர்ந்தவை, விண்டோஸ் 7-இல் கிடைக்கமாட்டா. அப்படிப்பட்டவர்கள், அனுப்பியவரிடம் சூத்திரங்களை மதிப்புகளாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

தாள் மந்தமாக நகர்ந்தால் கன்ட்ரோல், எண்டு இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். நூறு உறுப்பினர் உள்ள சங்கத்தின் பட்டியலில் கர்சர் ஆயிரக்கணக்கான வரிகளைத் தாண்டிப் போய் நின்றால், கீழே வெற்று வரிகளில் நிறமோ கட்டமோ வடிவமைப்பு ஏதோ கிடக்கிறது. அந்த வரிகளை நீக்கிச் சேமியுங்கள். படங்கள் நிறைந்த காட்சிக்கோப்பு என்றால் இம்ப்ரெஸின் டூல்ஸ் மெனுவில் 'மினிமைஸ் பிரசன்டேஷன்' இருக்கிறது, அதுவே படங்களைச் சுருக்கித் தந்துவிடும்.

"வேறொருவர் இந்த ஆவணத்தைத் திறந்து வைத்திருக்கிறார்"

வீட்டில் நீங்கள் மட்டும்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், முன்பு கணினி பாதியில் அணைந்தபோது மிச்சமான பூட்டுக் கோப்பு அது. லிப்ரெஆபிஸை மூடிவிட்டு, ஆவணம் உள்ள கோப்புறையில் 'லாக்' என்ற சொல்லும் உங்கள் கோப்பின் பெயரும் சேர்ந்த சிறிய கோப்பை நீக்குங்கள். மறைந்திருந்தால் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். சங்க அலுவலகத்தில் பலர் பகிரும் கோப்புறை என்றால் நீக்குவதற்கு முன் உண்மையிலேயே யாரும் திறந்திருக்கவில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்கலம் தீர்ந்து அணைந்தது, எழுதியதெல்லாம் போனது

பழைய லேப்டாப்பின் மின்கலம் 40 விழுக்காடு என்று காட்டிவிட்டு அடுத்த நிமிடமே அணையும். இந்த ஒன்றுக்காகவே 24.2-க்குப் பிந்தைய பதிப்புகளை விரும்புகிறேன். அதிலிருந்துதான் ஆட்டோ ரிக்கவரியும் காப்பு நகலும் யாரும் தொடாமலே இயங்குகின்றன. அதற்கு முன்பு அவற்றை நாமே போய்த் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அது தெரியாமல் இழந்தவர்கள் பலர்.

கணினி மீண்டும் வந்ததும் லிப்ரெஆபிஸைத் திறந்தால் மீட்புப் பெட்டி வரும். பயந்துபோய் ரத்து செய்துவிடாதீர்கள், மீட்கும் பொத்தானை அழுத்துங்கள். வந்த ஆவணத்தை உடனே வேறு பெயரில் சேமியுங்கள். பெட்டி வராவிட்டால் ஆப்ஷன்ஸில் பாத்ஸ் பக்கத்தைத் திறந்து, 'பேக்கப்ஸ்' என்ற வரியில் உள்ள கோப்புறையில் தேடுங்கள். முன்பு சேமித்த நகல் அங்கே இருக்கும்.

ஆட்டோ ரிக்கவரி தானாகச் சேமிக்கும் இயல்பான இடைவெளி 10 நிமிடம். ஆப்ஷன்ஸ், லோட் சேவ், ஜெனரல் என்று போய் அதை 3 ஆக்குங்கள். எஸ்எஸ்டி உள்ள கணினியில் வேறுபாடே தெரியாது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் தட்டச்சு நொடி நேரம் நிற்கும். தொந்தரவாக இருந்தால் 5 வையுங்கள். வேலை நடக்கும்வரை வேர்டின் டாக்எக்ஸ் வடிவம் வேண்டாம், லிப்ரெஆபிஸின் சொந்த ஓடிடி வடிவிலேயே சேமியுங்கள். எழுதி முடித்து அனுப்பும் நேரத்தில் ஒரு முறை டாக்எக்ஸாக மாற்றினால் போதும்.